ஒற்றைப் பத்திச் செய்தியும் பத்து மொழிகளும்

2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் முற்பகுதி. சனாதிபதித் தேர்தல் முடிந்து, முடிவுகள் குறித்த வாதப் பிரதிவாதங்கள் ஓய்வதற்கு முன்னரே தோல்வியுற்ற வேட்பாளர் கைது செய்யப்படுவாரா என்ற கேள்வி எழுந்திருந்தது. ஆசிரிய பீடத்தில் எவருக்கும் தலை நிமிர நேரமில்லை. நான் அப்போது ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். இரவு ஒன்பது மணியளவில் பக்கத்தின் அடியில் ஒற்றைப் பத்தி இடம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. செய்தி நிறுவனமொன்றின் குறிப்பு கையில் அகப்பட்டது. அந்தமான் தீவுகளில் ‘போ’ என்ற மொழியைப் பேசிய கடைசிப் பெண் காலமானார் என்பது செய்தி. அவசரமாக மொழிபெயர்த்தேன். தலைப்பு வைத்தவர் பக்கத்து மேசையில் இருந்த நண்பர்: “போ மொழி போயே போயிற்று!” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்படியே அச்சாயிற்று.

அந்த எட்டு வரிகளில் தலைப்பை விடவும் மோசமான பிழைகள் இரண்டு இருந்தன என்பதைப் பல மாதங்களின் பின்னரே உணர்ந்தேன். ‘அந்தமான் மொழி அழிந்தது’ என்று எழுதியிருந்தேன். அந்தமான் மொழி என்று ஒன்று இருந்ததேயில்லை. ‘கடைசி அந்தமான் பழங்குடிப் பெண்’ என்றும் எழுதியிருந்தேன். அவர் கடைசிப் பழங்குடிப் பெண் அல்லர். மூத்த போவா என அறியப்பட்ட அந்த மூதாட்டி இறந்த நாள் சனவரி 26 என்பதும் பின்னரே தெரியவந்தது. இங்கே நாம் வாக்களிக்க வரிசையில் நின்ற அதே நாள்.

அந்த ஒற்றைப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிட எமக்கு அன்று தோன்றவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதும் இக்கட்டுரையை அத்திருத்தமாகக் கொள்ளலாம்.

அந்தமான் என்றால் எம்மவர் மனதில் எழுவது காலாபாணிச் சிறைச்சாலை. அடுத்தது நிக்கோபார். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் நக்கவாரம் நிக்கோபாரே அன்றி அந்தமான் அன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னர் எமது மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் றப்பர் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் நிக்கோபாரைச் சேர்ந்ததே. நிக்கோபார் மக்களின் மொழிகள் ஆஸ்திரோ ஆசிய இனத்தவை. அவற்றுக்கும் அந்தமான் மொழிகளுக்கும் உறவில்லை. அந்தமானுக்குள்ளேயே இரண்டு வேறு குடும்பங்கள் உண்டு. ஜராவா, ஒங்கே ஆகியன ஒரு குடும்பம். மற்றையது பெரும் அந்தமானிய மொழிகள். எனது எட்டு வரிச் செய்தி இந்த இரண்டாவது குடும்பத்தைப் பற்றியது.

பெரும் அந்தமானியக் குடும்பத்தில் மொத்தம் பத்து மொழிகள் இருந்தன. வடக்கே சரே, கோரா, போ, ஜேரு. நடுவே கேடே, ஜுவோய், கோல், புச்சிக்வார். தெற்கே பலே, பெயா. வடமுனையிலிருந்து தென்முனை வரை ஒரு நீண்ட சங்கிலி போல இவை அடுத்தடுத்து அமைந்திருந்தன. பக்கத்துப் பக்கத்துக் குழுவினர் ஒருவர் பேச்சை ஒருவர் ஓரளவு விளங்கிக்கொண்டனர். ஆனால் தெற்கே வாழ்ந்த பெயா ஒருவரை வடக்கே கொண்டுபோய்விட்டால் அவருக்கு அங்கே ஒரு வாக்கியமும் விளங்காது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த நிலப்பரப்பில் பத்து மொழிகள்! யாழ்ப்பாணத்து ஊர்ப்பேச்சுக்கும் மட்டக்களப்புப் பேச்சுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை வியந்து பேசும் நமக்கு இது சற்றுத் திகைப்பூட்டும் சங்கதிதான்.

இம்மொழிகளின் பெயர்களை நூல்களில் தேடுவோர் ‘அக்கா-பெயா’, ‘அக்கா-ஜேரு’, ‘அக்கார்-பலே’, ‘ஒக்கோ-ஜுவோய்’ என்று முன்னொட்டுடன் காண்பர். இந்த ‘அக்கா’ நமது மூத்த சகோதரி அல்லள். வாயைக் குறிக்கும் முன்னொட்டு அது. வாயிலிருந்து பிறப்பதால் மொழிக்கும் அதே முன்னொட்டு. இதைச் சாதாரண முன்னொட்டு என்று கடந்து போய்விட முடியாது. இக்குடும்பத்தின் இலக்கணம் முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. மனித உடல் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒட்டு உண்டு. பெயர்ச்சொல், வினைச்சொல், அடைமொழி எதுவாயினும் அது உடலின் எப்பகுதியோடு சார்ந்தது என்பதை இந்த ஒட்டு சொல்லிவிடும். பெயா மொழியில் ‘பேரி-ங’ என்றால் நல்லது. கையைக் குறிக்கும் ஒட்டைச் சேர்த்து ‘உன்-பேரி-ங’ என்றால் கைத்திறன் உள்ளவன். கண்ணுக்குரிய ஒட்டுடன் ‘இக்-பேரி-ங’ என்றால் கூரிய பார்வை உடையவன். வாய்க்குரிய ஒட்டுடன் ‘அக்கா-பேரி-ங’ என்றால் மொழிகளில் வல்லவன். தலைக்கும் நெஞ்சுக்கும் உரிய ஒட்டுடன் ‘ஒத்-பேரி-ங’ என்றால் நற்குணம் வாய்ந்தவன். ‘அவன் நல்லவன்’ என்று பொதுப்படச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள இம்மொழியில் வழியில்லை. கையால் நல்லவனா, வாயால் நல்லவனா, நெஞ்சால் நல்லவனா என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசியல்வாதிகளைப் பேட்டி காணும் எம் போன்றவர்களுக்கு இப்படி ஒரு மொழி இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

இன்னொன்று: ‘தலை’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்லவே முடியாது. யாருடைய தலை என்பது சேர்ந்தே வரும். உடைமையாளன் இல்லாத தலை என்ற கருத்துக்கு இம்மொழிகளில் இடமில்லை.

எண்ணுப் பெயர்கள் ஒன்று, இரண்டுடன் நின்றுவிடும். அதற்கு மேல் ‘இன்னுமொன்று’, ‘இன்னும் சில’, ‘எல்லாம்’. இதைக் கண்டு நகைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் உண்டு. ஆனால் அவர்களின் காலக் கணிப்பைப் பாருங்கள். காட்டில் எந்தப் பூ பூக்கிறதோ, எந்தப் பூவின் தேன் கிடைக்கிறதோ அதைக் கொண்டு பருவங்களுக்குப் பெயரிட்டனர். பெண்பிள்ளை பருவமடையும்போது அப்பருவத்தில் பூத்திருக்கும் பூவின் பெயர் அவளுக்குச் சூட்டப்படும். பிறப்பதற்கு முன்னரே வைக்கப்பட்ட பெயர் ஒன்று அவளுக்கு ஏற்கெனவே உண்டு. ஆணா பெண்ணா எனத் தெரியாதபோது வைத்த பெயர் ஆகையால் அது இருபாலருக்கும் பொதுவானது. நம்முடைய சாதகக் குறிப்பில் நட்சத்திரம் செய்யும் வேலையை அங்கே பூக்கள் செய்தன எனலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1789இல் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலரான ஆர்ச்சிபால்ட் பிளேயர் அந்தமானில் முதலாவது குடியேற்றத்தை அமைத்தார். 1796இல் நோயின் கொடுமையால் அது கைவிடப்பட்டது. அக்காலத்தில் கோல்புறூக் என்ற இராணுவ அலுவலர் ஒரு சிறு சொற்பட்டியலைத் தொகுத்தார். ‘அந்தமான் மொழி’ என்ற தலைப்பில் அறிஞருலகம் நெடுங்காலம் அதையே நம்பியிருந்தது. பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அச்சொற்கள் பெரும் அந்தமானியருடையவை அல்ல, ஜராவாக்களுடையவை எனத் தெரிந்தது. ஒரு மொழியை ‘அந்தமான் மொழி’ என்று பிழையாக எழுதியவன் நான் மட்டுமல்லன் என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

1857ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின்னர் கைதிகளை அடைத்துவைக்க இடம் தேவைப்பட்டது. 1858 மார்ச் மாதத்தில் மருத்துவர் வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கினார். அடுத்த மாதமே கூட்டமாகத் தப்பியோடியவர்களில் தூத்நாத் திவாரியும் ஒருவர். உடன் சென்ற பலர் காட்டில் அம்புபட்டு மாண்டனர். காயமுற்றுக் கிடந்த திவாரியை அந்தமானியர் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு அவர்களோடு வாழ்ந்தார். மணமுடித்துக் கொடுத்தனர். 1859 மே மாதத்தில், அந்தமானியர் குடியேற்றத்தைத் தாக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் அவர் ஓடிவந்து பிரித்தானியருக்குத் தகவல் சொன்னார். அபர்டீன் சண்டை என அழைக்கப்படும் அந்த மோதலில் வில்லும் அம்பும் துப்பாக்கிகளின் முன் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் திரும்பினார். அவர் விட்டுவந்த மனைவி அப்போது கர்ப்பிணி.

அந்தமானியர் பேச்சை ஓராண்டு காலம் காதால் கேட்டு வாயால் பேசிய முதலாவது வெளியாள் இவரே. ஆனால் அம்மொழி பற்றி அவர் மூலம் நமக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். காட்டிக்கொடுப்பதற்குத் தேவையான அளவு மொழியை அறிந்திருந்தார் என்பது மட்டும் உறுதி.

அதன் பின்னர் வந்தது ‘அந்தமான் இல்லம்’. 1863இல் கோர்பின் பாதிரியாரின் பொறுப்பில் றொஸ் தீவில் இது தொடங்கியது. நாகரிகப்படுத்துவது நோக்கம் என்றார்கள். ஆங்கிலம் கற்பித்தனர், ஆடை அணிவித்தனர், காட்டுக்கு ஓடிப்போகாமல் காவலும் வைத்தனர். தெற்கே வாழ்ந்த பெயாக்களும் அவர்களை அடுத்திருந்தோரும் முதலில் இவ்வில்லங்களுக்குள் வந்தனர். முதலில் அழிந்தவர்களும் அவர்களே. 1876 அளவில் மேகநோய் பரவியிருப்பது கண்டறியப்பட்டது. 1877இல் சின்னமுத்து. நமக்குப் பிள்ளைப் பருவத்தில் வந்து போகும் அந்நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு மக்கள் கூட்டத்தைச் சில மாதங்களில் வாரிக்கொண்டு போயிற்று. இல்லத்துக்கு வந்து தொற்றுடன் திரும்பியவர்கள் நோயை அடுத்த குழுவுக்குக் காவிச் சென்றனர். பத்து மொழிகளையும் இணைத்திருந்த அதே சங்கிலியில் நோயும் தொற்றிச் சென்றது.

இந்தக் காலத்தில்தான் மொழி ஆய்வும் உச்சத்தை அடைந்தது என்பது விசித்திரமானது. ஈ. எச். மான், எம். வி. போர்ட்மன் என்ற இரு அலுவலர்களும் பல்லாண்டுகள் அங்கே பணியாற்றியவர்கள். மான் பெயா மொழியைச் சொல் சொல்லாகச் சேகரித்தார். றிச்சர்ட் ரெம்பிள் அவருக்குத் துணை நின்றார். இவர்கள் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டு அலெக்சாண்டர் எல்லிஸ் 1882இல் இலண்டன் மொழியியல் சங்கத்தில் தலைமையுரை ஆற்றினார். போர்ட்மன் 1898இல் ஐந்து மொழிகளின் ஒப்பீட்டுச் சொற்றொகுதியையும் 1899இல் இரு தொகுதிகளில் அந்தமானியருடனான உறவின் வரலாற்றையும் வெளியிட்டார். போர்ட்மன் குறித்து எனக்கு ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களை அவர் எழுதியிராவிடில் நமக்கு இன்று தென்னந்தமான் மொழிகளைப் பற்றி ஒன்றுமே தெரிந்திராது. அதே மனிதர் அம்மக்களை நிறுத்தி வைத்து அளந்தார், நிழற்படம் எடுத்தார், அவர்களை ஆளும் அதிகாரியாகவும் இருந்தார். அன்பையும் ஆதிக்கத்தையும் அவரிடம் பிரித்துப் பார்ப்பது கடினம்.

குடிசன மதிப்பீட்டின் இலக்கங்களைக் கவனியுங்கள். 1858இல் பெரும் அந்தமானியர் மூவாயிரத்து ஐந்நூறு பேர் இருந்திருக்கலாம் என்று சிலரும் ஐயாயிரம் என்று சிலரும் கணிக்கின்றனர். 1901இல் பத்துக் குழுவினரையும் சேர்த்து 625 பேர். 1911இல் 455. 1921இல் 207. 1931இல் 90. பெயாக்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 1901இல் 37 பேர், 1911இல் 10 பேர், 1921இல் ஒரேயொருவர். மான் தன் வாழ்நாளெல்லாம் உழைத்துத் தொகுத்த பெயா மொழி அகராதி நூலாக வெளிவந்த ஆண்டு 1923.

அந்த ஒருவர் ஆணா பெண்ணா, வயதென்ன, யாருடன் பேசினார் என்பதையெல்லாம் அட்டவணை சொல்வதில்லை. ‘1’ என்ற இலக்கம் மட்டும் இருக்கிறது.

மானிடவியலின் மூலவர்களில் ஒருவராகப் போற்றப்படும் றட்கிளிவ் பிறவுண் 1906 முதல் 1908 வரை அந்தமானில் கள ஆய்வு செய்தார். அவருடைய நூல் 1922இல் வெளியாயிற்று. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது அப்பெயரை மனனம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். சமூகம் எவ்வாறு ஒன்றுபட்டு இயங்குகிறது என்ற கோட்பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், கண்ணெதிரே சிதறிக்கொண்டிருந்த ஒரு சமூகம் என்பதை எந்த விரிவுரையாளரும் எமக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை.

1942 முதல் 1945 வரை யப்பானியர் ஆட்சி. பின்னர் இந்தியச் சுதந்திரம். 1951இல் எஞ்சியோர் 23 பேர். 1961இல் 19 பேர். 1970 அளவில் இவர்களை இந்திய அரசு ஸ்ட்ரெயிட் தீவு என்ற சிறு தீவில் ஒன்றாகக் குடியமர்த்தியது. ஜேரு, போ, கோரா, சரே என்று வெவ்வேறு மொழி பேசியோரின் எச்சம் ஒரே ஊருக்குள் வந்தது. இங்கேதான் புதியதொரு மொழி பிறந்தது எனலாம். ஜேருவை அடிப்படையாகக் கொண்டு மற்றைய மூன்றின் சொற்களும் கலந்த ஒரு பொதுப்பேச்சு உருவாயிற்று. ஆய்வாளர்கள் அதை ‘இன்றைய பெரும் அந்தமானியம்’ என்கின்றனர். இந்திய மானிடவியல் அளவை நிறுவனத்துக்காக எஸ். மனோகரன் எழுதிய விவரண ஒப்பீட்டு ஆய்வு 1989இல் வெளிவந்தது. ஆனால் வெளியார் திருமணங்களும் இந்திவழிக் கல்வியும் பெருக, பிள்ளைகள் இந்தியையே பேசினர். சனத்தொகை மெல்லக் கூடியது. மொழி குறைந்துகொண்டே போயிற்று. 2001இல் 43 பேர், 2011இல் 44 பேர்.

நமது வேடர் சமூகத்தை இங்கே எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மக்கள் இருக்கிறார்கள், முன்னோர் பேசிய மொழியின் பழைய வடிவம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்விதா அப்பி 2005இல் பெரும் அந்தமானியரின் மறைந்துவரும் குரல்களைப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கரைகளைச் சூறையாடிய அதே ஆழிப்பேரலையின் பின்னர் ஸ்ட்ரெயிட் தீவினர் போட் பிளேயரின் நிவாரண முகாமுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வேளை அது. அப்பேரலையில் தப்பியோருள் மூத்த போவாவும் ஒருவர். அவர் 1925 அளவில் பிறந்தவர். அப்பி எழுதிய குறிப்புகளிலிருந்து நாம் அறிவது இதுதான்: பெற்றோர் இறந்த பின்னர் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் போ மொழியில் பேச அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. அயலாருடன் பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். தன் மொழியில் பேச வேண்டும் என்று தோன்றும்போது பறவைகளுடன் பேசினார். பறவைகள் தம் முன்னோர் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஆகவே அதைத் தனிமையின் பிதற்றல் என்று சொல்லிவிட முடியாது. முன்னோருடன் அவர்களின் மொழியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதே சரி. அவருடைய பாட்டும் கதையும் ஒலிநாடாவில் உள்ளன. தென்னந்தமான் மொழிகளுக்கு அகராதி இருந்தது, குரல் இல்லை. வடக்கின் மொழிகளுக்குக் கடைசி நேரத்தில் குரலாவது மிஞ்சியது.

2009 நவம்பரில் போரோ என்ற பெண்மணியுடன் கோரா மொழி முடிந்தது. இரண்டு மாதங்களில் மூத்த போவா. பெரும் அந்தமானிய அகராதி 2012இலும் இலக்கணம் 2013இலும் வெளிவந்தன. உடற்பகுதி ஒட்டுகள் ஏழு வகைப்படும் என்பதும் அவை அந்த இலக்கணத்தில் எத்துணை ஆழமாக ஊடுருவியிருக்கின்றன என்பதும் அப்போதே முழுமையாகத் தெளிவாயிற்று. தீவுகளின் பெயர்களும் இதற்கிடையில் மாறிவிட்டன. றொஸ் தீவு 2018இல் நேதாஜியின் பெயரைப் பெற்றது. போட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர் மாற்றிய எவரும் பெயா மொழி அகராதியைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று ஜேருவை நினைவில் வைத்திருப்போர் ஒரு சிலர் மட்டுமே.

2020 ஏப்ரல் 4ஆம் நாள் சரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ காலமானார். கொவிட் ஊரடங்கின் ஆரம்ப நாட்கள் அவை. எமது பத்திரிகை அச்சில் வராமல் இணையத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்த ஐம்பது சொச்சம் பேரில் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானபோது, 1877ஐ அறிந்தவர்கள் எத்துணை அச்சத்துடன் இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளையாக அது அவ்வளவில் நின்றது.

லிச்சோவின் செய்தியை வீட்டிலிருந்தபடியே நான் எழுதினேன். இம்முறை இடப்பற்றாக்குறை இல்லை. இணையத்தில் பத்திக் கணக்கு ஏது? பத்து மொழிகளின் பெயரையும் வரிசையாகக் குறிப்பிட்டேன். ஆசிரிய பீடத்துத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணை, ஆங்கிலத்தில இந்த மொழிக்கு ரெண்டு பேர் இருக்கு. சரே எண்டு போடுறதோ, சாரி எண்டு போடுறதோ?” பழைய நூல்களில் சாரி என்றே இருக்கிறது. நான் சரே என்றே போடச் சொன்னேன். சாரி என்று எழுதினால் யாராவது அதை வைத்துத் தலைப்பெழுதிவிடுவார்கள்.